குளத்தடிச் சாவு: அந்தப் பெடியனுக்கு இனி ஒருவரும் அழைப்பு எடுக்கவேண்டாம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

கடைக்கார அண்ணையின் உடலைக் குளத்தில் கண்டு இன்றைக்கு 23 நாள். அடித்துப் போட்டவர் யாரென்று, வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் எழுதிக்கொள்ளும் இந்த மடல் குழுவில் நாலு பேரைச் சொல்லியாகிவிட்டது. காணிச் சண்டை, மணல் ஏற்றுகிற ஆட்கள், கொடுத்த கடன், இன்னொன்று நான் எழுத விரும்பாதது. நானும் சுத்தவாளி இல்லை.

கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று அயலில் நினைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மாடு சாய்க்கப் போன பெடியன்தான் கண்டான். வயது பதினாறு. அன்றைக்கே பொலிசுக்கு அவன் கொடுத்த வாக்குமூலம் சின்னது: துருசடியில் (குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் மதகடியில்) சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது, ஹாண்டிலில் மடித்த சாரம், கல்லில் சோப்புப் பெட்டி, அலைகரைப் பக்கம் உடல். அவ்வளவுதான்.

அவனுடைய நம்பரைத் தேடிப் பிடித்து நான் எடுத்தேன். "தம்பி, வடிவா யோசிச்சுப் பார், வேற ஆக்கள் வந்த அடையாளம் ஒண்டும் இல்லையோ?" இல்லை என்றான். எனக்குப் பிறகு சூரிச்சில் இருந்து ஒருவர், லண்டனில் இருந்து இருவர். போன கிழமை திரும்ப எடுத்தால், குளக்கட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றதாம். கறுப்பு நிறமாம். பழைய மடல்களைத் தேடிப் பாருங்கள். "மோட்டார் சைக்கிளில் வந்திருக்கலாம்" என்று முதலில் எழுதியவன் நான். கறுப்பு நிறம் வேறொருவர் பூசியது.

பெடியன் பொய் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அவனுக்கு அது கண்ணில் தெரியத் தொடங்கிவிட்டது. நாளைக்கு உண்மையிலேயே ஒருவன் பிடிபட்டால், எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவனின்) சட்டத்தரணி முதல் வாக்குமூலத்தை எடுத்துவைத்து, "இதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால் போதும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு இடம் கொடுக்கிறது.

காதும் உதடும் பிய்ந்த படத்தை வைத்துச் சித்திரவதை என்று எழுதியிருந்தீர்கள். (போட்டவர் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.) குளத்தோடு வளர்ந்த நாங்களா இப்படி எழுதுகிறோம்? மீனும் ஆமையும் முதலில் தொடுவது அந்த மெல்லிய இடங்களைத்தான். இரத்தத்தில் மதுசாரம் வந்தாலும் வெறியில் விழுந்தார் என்று அடித்துச் சொல்லாதீர்கள், அழுகத் தொடங்கிய உடலில் அது தானாகவும் உண்டாகும். கொலை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பின்மண்டைக் காயம் துருசுக் கல்லில் விழுந்து வந்ததா, கல்லால் அடித்து வந்ததா என்று சட்ட வைத்திய அதிகாரி சொல்லட்டும். மாதிரிகள் பத்தரமுல்லைக்கு, இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போயிருக்கின்றன. அறிக்கை வரும்வரை நீதவான் தவணை போட்டிருக்கிறார்.

தொழிலதிபர் தினேஷ் ஷாப்டரின் விஷயம் ஞாபகம் இருக்கும். 2022 டிசம்பரில் பொரளை மயானத்தில் காருக்குள் கைகள் கட்டியபடி கண்டெடுத்தார்கள், மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தார். சயனைட், தற்கொலை என்று ஊரெல்லாம் தீர்ப்பு எழுதியது. அடுத்த மே மாதம் உடலைத் தோண்டி எடுத்து, ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழு பார்த்து, 2023 நவம்பரில்தான் நீதிமன்றம் சொன்னது: கழுத்தையும் முகத்தையும் அழுத்தியதால் வந்த சாவு, குற்றச்செயல்.

எங்கள் மடல்களை யாரோ அண்ணையின் மகளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று எடுத்துக் கேட்டாள்: "மாமா, கடன்காரர்தான் செய்ததெண்டு எழுதினவை. அப்பான்ர கடன் கொப்பியில உங்கட பேரும் கிடக்கு. அதையும் எழுதட்டோ?"

எனக்கு வாய் அடைத்துப்போனது.

தெரிந்த விஷயம் ஏதும் இருந்தால் அவளுடைய சட்டத்தரணியிடம் நேரே சொல்லுங்கள், நம்பர் எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் சடங்குக்கு) இன்னும் ஒரு கிழமை. சங்கத்தின் காசோடு என்னுடையதையும் சேர்த்து அனுப்புகிறேன். கொப்பியில் உள்ளது 1,460 ரூபாய். 2018 திருவிழாவுக்குப் போனபோது, காசு மாற்றவில்லை, பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த நெக்டோச் சோடாவும் பிஸ்கட்டும்.