ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்து கேட்ட பேச்சுகள்

மேடைப் பேச்சைப் பற்றி இங்கே அனுபவம் எழுதிய நண்பர்கள் பலரும் மேடையேறிப் பேசியவர்கள். நானோ மேடையின் ஓரத்தில், ஆம்ப்ளிஃபையருக்கு அருகில் உட்கார்ந்திருப்பவன். வடசென்னை இராயபுரத்தில் எங்கள் குடும்பத்துக்கு மைக் செட் தொழில் என்பதால், தெருமுனைக் கூட்டம், ஆலை வாயிற்கூட்டம், பட்டிமன்றம், படத்திறப்பு என எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறோம். பேச்சைப் பொருளை வைத்து வகை பிரிப்பதே வழக்கம். என் காதுக்கோ, கூட்டம் கூடும் இடமும் ஒலி போய்ச் சேர வேண்டிய தூரமும்தான் அதை வகை பிரிக்கின்றன.

தெருமுனைக் கூட்டத்தில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே ஒரு குழாயின் அடியில் நிற்பவருக்கு, அங்கிருந்து 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் ஒலி அரை நொடி பிந்தி வந்து அடுத்த சொல்லின்மேல் விழும். மூச்சுவிடாமல் பேசுபவரின் பேச்சு தெருக்கோடியில் வெறும் இரைச்சலாகிவிடுவது இதனால்தான். பழைய மேடைப் பேச்சாளர்கள் ஒரு தொடரை முடித்து, நிறுத்தி, பிறகு அடுத்ததைத் தொடுவதைக் கைதட்டலுக்கான இடைவெளி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது கடைசிக் குழாய்க்கான இடைவெளியும்கூட. அடுக்குமொழியையும் மோனையையும் வெறும் அலங்காரம் என்று கேலி செய்பவர்கள், ஒரு சொல் காற்றில் போனாலும் அதே ஓசையில் தொடங்கும் அடுத்த சொல் கருத்தைப் பிடித்துக்கொடுப்பதைக் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுப் பார்க்கலாம். 1949 செப்டம்பரில் எங்கள் இராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்ததைப் பற்றிப் பேசும் பெரியவர்கள், அண்ணா என்ன பேசினார் என்பதோடு, மக்கள் கலையாமல் நின்று கேட்டதையும் சேர்த்தே சொல்வார்கள்.

வாயிற்கூட்டம் முற்றிலும் வேறு. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளி பேருந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அங்கே ‘தலைவர் அவர்களே’ என்று தொடங்கி மேடையில் உள்ள அத்தனை பேரையும் விளித்து முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் போய்விடும். அனுபவமுள்ள சங்கத் தோழர்கள் ‘தோழர்களே’ என்ற ஒரே விளியோடு கோரிக்கையை முதல் வாக்கியத்தில் வைத்துவிட்டு, காரணங்களைப் பிறகுதான் சொல்வார்கள். இந்த முறைக்கு வடசென்னையில் நீண்ட வேர் உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அதன் தலைவர், தமிழ் அறியாத பி.பி.வாடியா ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் சொல்லப்பட்டது. உடன் உழைத்த திரு.வி.க. நேரடியாகத் தமிழிலேயே பேசினார். மொழிபெயர்ப்போடு நடக்கும் கூட்டங்களுக்கு நானும் மைக் வைத்திருக்கிறேன். பேசுபவர் ஒவ்வொரு கருத்தையும் குறுகிய வாக்கியத்தில் முடித்துக்கொடுத்தால்தான் அது உருப்படும்.

பேச்சை எழுதிவைத்துப் படிப்பதை எல்லோரும் இழிவாகப் பேசுகிறார்கள். தீர்மானத்தையும் கணக்கையும் படிக்கத்தான் வேண்டும். படத்திறப்பில் உறவினர் பெயரொன்று விடுபட்டால் ஏற்படும் மனத்தாங்கல் எளிதில் தீராது என்பதால், அங்கும் கையில் தாள் இருப்பதே நல்லது. மனப்பாடம்தான் ஆபத்தானது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு மேடையில், மிக அழகாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாணவர் ரயில் போகும்வரை காத்திருந்தார். ரயில் போனதும் விட்ட இடம் கிடைக்காமல் மீண்டும் ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று தொடங்கினார். அவருக்கு அடுத்து வந்தவர், உள்ளங்கை அளவுத் துண்டுச்சீட்டில் தலைப்புகளை மட்டும் குறித்து வைத்திருந்தார். இரண்டு ரயில்கள் குறுக்கிட்டும் அவர் தடுமாறவில்லை. சீட்டைப் பார்த்து அடுத்த தலைப்புக்குப் போனார்.

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆனாலும் வரவேற்புரையும் வாழ்த்துரைகளும் ஒன்பதே முக்கால் வரை நீண்டு, சிறப்புரையாளருக்குக் கால் மணி நேரமே மிஞ்சும். ‘நீங்களே ஒலியைக் குறைத்துவிடலாமே’ என்று என்னிடம் காதோடு சொல்பவர்கள் உண்டு. எனக்கு வாடகைப் பணம் தருபவர் பெரும்பாலும் அந்த வரவேற்புரையாளர்தான்.