ஸ்பெயினில் குடும்பத்தோடு தபாஸ்: நல்ல கடையைப் பிடிப்பது எப்படி?

தபாஸ் என்பது சின்னத் தட்டுகளில் வரும் ஸ்பானியச் சிற்றுணவு. செவில்யா, கோர்தோபா, கிரனாடா என்று தெற்கே ஆந்தலூசியா பக்கம் போகிறவர்கள் முதலில் சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே சமையலறை மதியம் 1 அல்லது 1.30க்குத் திறக்கும், 4 மணிக்கு மூடும். மறுபடி அடுப்பு பற்ற இரவு 8, 8.30 ஆகிவிடும். மாலை 6 மணிக்குப் பசியோடு அலைந்தால் கண்ணில் படுவது, வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடைகளும், பாயெல்லா என்ற அரிசிச் சாப்பாட்டின் படங்களைப் பலகையில் ஒட்டிவைத்த கடைகளும்தான். பாயெல்லா மதியச் சாப்பாடு. இரவில் ஒரு தட்டுப் பாயெல்லாவை உடனே கொண்டுவந்து வைத்தால் அது உறையவைத்ததைச் சூடாக்கியதாகத்தான் இருக்கும்.

கடை திறக்கும் நிமிடத்தில் போய் நிற்பதுதான் குடும்பங்களுக்கு வசதி. மதியம் 1.30க்குப் போனால் மேசை கிடைக்கும். உள்ளூர்க் கூட்டம் 2.30க்குத்தான் சேரும். இரவு 8 மணிக்கும் அப்படித்தான், 9.30க்குப் பிறகு குழந்தை வண்டியை உள்ளே தள்ளவே முடியாது. இடைப்பட்ட பசிக்கு அந்த ஊர்க் குழந்தைகள் சாப்பிடுவது போல மாலை 5.30 வாக்கில் பேக்கரியில் ஒரு ரொட்டித் துண்டோ, சுர்ரோ என்ற பொரித்த மாவுக் குச்சியோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதைத் தவிர்த்தால் 8 மணி வரை குழந்தைகள் தாங்க மாட்டார்கள், பெரியவர்களும் கிடைத்த கடையில் நுழைந்துவிடுவார்கள்.

ஞாயிறு இரவும் திங்களும் பல நல்ல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் செவில்யா, மாத்ரித் இரண்டிலும் குடும்பமாக நடத்தும் கடைகள் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும். கதவில் ஒட்டிய தாள்தான் அறிவிப்பு.

*

நேரம் பற்றிச் சொல்லியாயிற்று. அடுத்த கேள்வி எந்தக் கடை. கடைப்பெயரைத் தேடுவதைவிடப் பண்டத்தைத் தேடுவது பலன் தரும். நல்ல தபாஸ் கடைகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பண்டங்களுக்குத்தான் பெயர் வாங்கியிருக்கும். எல்லாம் நன்றாகச் செய்யும் ஒரே கடை என்று தேடினால் சுமாரான கடையில்தான் முடியும். ஒரு கடையில் இரண்டு தட்டு, அடுத்த கடைக்கு நடை, அங்கே இரண்டு தட்டு என்று போவதுதான் அங்கத்திய வழக்கம்.

செவில்யாவில் 1670இல் தொடங்கிய எல் ரின்கொன்சியோ இன்னும் நடக்கிறது. கணக்கைப் பரிமாறும் மர மேடையிலேயே சாக்குக்கட்டியால் எழுதுவார்கள். அங்கே கேட்க வேண்டியது எஸ்பினாக்காஸ் கோன் கார்பான்சோஸ், அதாவது கொண்டைக்கடலை போட்ட கீரை. ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் பழைய ரொட்டித் துண்டையும் பொரித்து, சீரகமும் மிளகாய்த்தூள் வகையான பிமென்டோனும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து இடித்து, அந்த விழுதில் கீரையையும் வெந்த கடலையையும் போட்டுச் சுண்டவைப்பார்கள். நன்றாகச் செய்ததைத் தட்டில் வைத்தால் தண்ணீர் பிரியாது; விளிம்பில் சிவந்த எண்ணெய் மட்டும் கசியும். சீரக வாசனை முதலில் வரும், வினிகர் கடைசியில் நாக்கில் படும். தண்ணீர் தேங்கியிருந்தால் கீரையைப் பிழியாமல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காரம் இருக்காது, குழந்தைகள் தயங்காமல் சாப்பிடுவார்கள்.

அசைவம் உண்டென்றால் அதே ஊரின் போதெகீத்தா ரொமேரோ கடையில் பிரிங்கா வைத்த சின்ன ரொட்டி. கொண்டைக்கடலைக் குழம்பில் வெந்த இறைச்சியையும் கொழுப்பையும் மசித்து உள்ளே வைத்து, ரொட்டியைக் கல்லில் அழுத்திச் சூடாக்கித் தருவது. பன்றி சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது.

பெயர் தெரியாத கடையை எடைபோட எளிய வழி குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டை. ஒரு தட்டு மட்டும் வாங்கிப் பாருங்கள். எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தால் தொழிற்சாலைச் சரக்கு. வீட்டில் உருட்டியவை கொஞ்சம் கோணலாக, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருக்கும். கடித்தால் ஓடு மெல்லியதாக உடைந்து உள்ளே பெசமெல் என்ற பால்-மாவுக் குழைவு கூழாக வழிய வேண்டும். மாவு வாசனை அடித்தால் பெசமெல்லைப் போதுமான நேரம் கிளறவில்லை. உள்ளே சில்லென்று இருந்தால் உறைந்ததை அப்படியே எண்ணெயில் போட்டிருக்கிறார்கள். இது தேறிய கடையில் தைரியமாக அடுத்த தட்டு சொல்லலாம்.

*

அளவு விஷயத்தில்தான் குடும்பங்கள் காசை விடுகின்றன. ஒரே பண்டம் மூன்று அளவில் வரும். தபா என்பது ஒருவருக்கு நாலைந்து வாய். மெதியா ரசியோன் இருவர் பகிர்ந்துகொள்ளும் அரைத்தட்டு. ரசியோன் மூன்று, நான்கு பேருக்கான முழுத்தட்டு. சில கடைகளில் தபா அளவு மேடை அருகே நிற்பவர்களுக்கு மட்டும்தான். உட்கார்ந்தால் அரைத்தட்டிலிருந்துதான் தொடங்கும். வெளியே தெருவில் போட்ட மேசைக்குத் தனியாகக் கூடுதல் விலையும் இருக்கலாம். உட்காரும் முன்பே விலைப்பட்டியலில் பார்ரா (மேடை), மேசா (உள் மேசை), தெர்ராசா (வெளி மேசை) என்று மூன்று பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு பேருக்கு முதல் சுற்றில் மூன்று அரைத்தட்டு போதும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும்; பொரித்தது சாப்பிடுவதற்குள் தொய்ந்துவிடும். முதலில் சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழ், சீஸ், ஆலிவ் போன்ற குளிர்ந்தவை, அவை முடியும்போது பொரியல், கடைசியில் குழம்பு வகை என்று சுற்றுச் சுற்றாகச் சொல்லுங்கள். ரொட்டி கேட்காமலே வரும், பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று ஏறும். வேண்டாமென்றால் வைத்த உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

தண்ணீருக்குப் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. 2022இல் வந்த கழிவுச் சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். 'ஆகுவா தெல் கிரிஃபோ' என்று கேளுங்கள்.

*

சைவக் குடும்பங்களுக்கு விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் சறுக்கும்.

'சின் கார்னே', இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையும் டின் மீனும் அங்கே பலருடைய கணக்கில் இறைச்சிக்குள் வராது. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: 'நி கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அத்தூன்'. கடைசி இரண்டும் மீன், சூரை. இதை ஸ்பானிஷ் எழுத்தில் போனில் எழுதிவைத்துக் காட்டுவது இன்னும் நல்லது, சமையலறை வரை போய்ச் சேரும்.

காய்கறிப் பெயர் பார்த்து ஏமாறக்கூடியவை: பீன்ஸ், அவரை, ஆர்டிசோக் மூன்றும் ஹமோன் துண்டுகளோடு வதக்கப்படும். ஆந்தலூசியாவில் மீகாஸ் என்ற ரொட்டித்தூள் வறுவலில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி இருக்கும். என்சலாதா மிஸ்தா என்ற கலவைச் சாலட்டின் மேல் சூரை மீன் இருக்கும். உருளைக்கிழங்கு மயோனெஸ் சாலட்டான என்சலாதிய்யா ரூசாவிலும் அதேதான். காதிஸ் பக்கத்துப் பாப்பாஸ் அலின்யாஸ் வெறும் உருளைக்கிழங்கும் ஷெர்ரி வினிகரும்தான் என்றாலும் பல கடைகளில் மேலே மீன் வைத்துத் தருவார்கள்.

சால்மொரேஹோவைத் தவறவிடாதீர்கள். கோர்தோபாவின் பண்டம். அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு 1 கிலோ தக்காளிக்கு 200 கிராம் ரொட்டி, 100 கிராம் ஆலிவ் எண்ணெய், ஒரு பல் பூண்டு, 10 கிராம் உப்பு. சமைக்காமல் அரைத்துக் குளிரவைப்பது. மேலே தூவுவது வேகவைத்த முட்டையும் ஹமோனும் என்பதால் தூவும் முன்பே 'சின் ஹமோன்' சொல்லிவிட வேண்டும். தூவிய பிறகு எடுத்துவிட்டுத் தந்தால் நமக்கு ஆகாது. தக்காளி வேண்டாதவர்களுக்கு பாதாம், ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்த அஹோ பிளாங்கோ இருக்கிறது. அதிலும் ரொட்டி உண்டு, கோதுமை ஒவ்வாதவர்கள் கவனிக்கவும்.

பெரன்ஹேனாஸ் கோன் மியேல் தெ கான்யா என்றால் கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய்ப் பொரியல். அந்தப் பாகு மாலகா மாவட்டத்து ஃபிரிகிலியானாவில் காய்ச்சுவது. கத்தரிக்காயைக் குச்சியாகவோ வட்டமாகவோ நறுக்கி, பாலிலோ உப்புத் தண்ணீரிலோ அரை மணி ஊறவைத்து, மாவில் புரட்டி உடனே பொரிப்பார்கள். வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அதற்குமேல் பாகு ஓட்டை ஊறவைத்துவிடும். பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் இதுவேதானா என்பதைக் கண்டிப்பானவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சிறிய கடைகளில் ஒரே எண்ணெய்தான்.

சந்தேகம் இல்லாதவை: தக்காளி தேய்த்த ரொட்டி, ஆலிவ், கல்லில் வாட்டிய காளான், பாத்ரோன் மிளகாய். இந்தச் சின்னப் பச்சை மிளகாயை எண்ணெயில் கொப்புளிக்க வாட்டிக் கல்லுப்பு தூவுவார்கள். பெரும்பாலானவை இனிக்கும், எப்போதாவது ஒன்று உறைக்கும். அதனால் குழந்தைக்குக் கொடுக்கும் முன் நுனியைக் கடித்துப் பாருங்கள். காரச் சாஸ் ஊற்றிய உருளைக்கிழங்குப் பொரியலான பத்தாத்தாஸ் பிராவாஸ் பொதுவாகச் சைவம், சாஸில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான தோர்த்திய்யா இருக்கவே இருக்கிறது. கோர்தோபாவில் மெஸ்கீத்தா என்ற பழைய மசூதிக்குப் பக்கத்துப் பார் சாந்தோஸில் வண்டிச்சக்கரம் மாதிரி தடித்த தோர்த்திய்யாவை வெட்டித் தட்டில் வைத்துத் தருவார்கள், தெருவில் நின்று சாப்பிடுவது.

*

கிரனாடாவில் கணக்கே வேறு. ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு தபா இலவசமாக வரும். பீர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, குளிர்பானத்துக்கும் மோஸ்தோ என்ற புளிக்காத திராட்சைச் சாறுக்கும் வரும். தண்ணீருக்குப் பல கடைகளில் வராது. என்ன வரும் என்பதைக் கடைதான் தீர்மானிக்கும். இரண்டாவது சுற்றுக்கு வேறு பண்டம் வரும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டு பானம் சொல்லாதீர்கள், சுற்றாகச் சொன்னால்தான் தட்டு மாறும்.

சைவர்கள் பானம் சொல்லும்போதே சொல்ல வேண்டும், தட்டு வந்தபின் மாற்றச் சொன்னால் இலவசம் என்பதால் சங்கடம். நவாஸ் தெருவின் லோஸ் தியாமாந்தேஸ் மீன் பொரியலுக்குப் பேர் போனது. மீன் சாப்பிடும் குடும்பத்துக்குத் திறக்கும் நேரத்தில் மிக நல்ல இடம், சைவர்களுக்கு ஒன்றும் தேறாது. பொரித்த மீன் வந்த தாளைப் பாருங்கள், எண்ணெய் வட்டம் பெரிதாக ஊறியிருந்தால் எண்ணெய் சூடேறும் முன் போட்டிருக்கிறார்கள். கசோன் என் அதோபோ எங்கே கிடைத்தாலும் வாங்குங்கள். சின்னச் சுறா வகை மீனை வினிகர், சீரகம், ஒரேகானோ, பூண்டில் ஊறவைத்துப் பொரிப்பது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

*

வடக்கே சான் செபாஸ்தியான் போகிறவர்களுக்கு. அங்கே தபாவைப் பின்ச்சோ என்பார்கள். மேடை முழுக்க அடுக்கிவைத்த தட்டுகளைப் பார்த்ததும் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொள்ளத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். அடுக்கியிருப்பதில் ஒன்றிரண்டு, மீதியைச் சுவரில் எழுதிய பலகையைப் பார்த்துச் சூடாகக் கேட்பதே வழக்கம். லா குச்சாரா தெ சான் தெல்மோவில் மேடையில் எதுவுமே இருக்காது, எல்லாம் சொன்னபின் சமைப்பது.

பார் நெஸ்தோரில் தோர்த்திய்யா மதியம் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும்தான் வரும், அதுவும் கொஞ்சம்தான். ஒரு மணி நேரம் முன்னால் ஒருவர் நேரில் போய்ப் பெயர் எழுதிவைக்க வேண்டும், பிறகு சரியான நேரத்தில் குடும்பத்தோடு திரும்ப வேண்டும். தாமதமானால் உங்கள் துண்டு அடுத்தவருக்குப் போய்விடும். உள்ளே முட்டை கொழகொழவென்றுதான் இருக்கும். முழுக்க வெந்தால்தான் சாப்பிடுவேன் என்கிற குழந்தைக்கு இந்தக் கடை வேண்டாம்.

பழைய நகரத்து மதுக்கடைகள் குறுகலானவை, குழந்தை வண்டிக்கு இடமில்லை. மதியம் 12.30க்கே போய்விடுங்கள். உள்ளே புகைபிடிப்பது 2011 முதல் தடை, வெளி மேசைகளில் அப்படி இல்லை. சின்னக் குழந்தையோடு போனால் உள் மேசையே நல்லது. கடலை, பால் போன்றவை ஒவ்வாத குழந்தை இருந்தால் 'அலெர்ஹெனோஸ்' பட்டியல் கேளுங்கள், ஐரோப்பியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைக் கடை தந்தாக வேண்டும்.

கடைசித் தட்டாக 31 தெ அகோஸ்தோ தெருவின் லா வின்யாவில் சீஸ்கேக். க்ரீம் சீஸ், முட்டை, சர்க்கரை, பால் ஏடு, ஒரு கரண்டி மாவு அவ்வளவே. அடியில் பிஸ்கட் கிடையாது, ஜெலட்டினும் கிடையாது. மேலே கருகியிருப்பது அப்படியே செய்வதுதான், கசக்காது. குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் சுவர் அலமாரியில் வரிசையாக ஆறவைத்திருப்பார்கள். நடுப்பகுதி இன்னும் தளதளவென்று இருக்கும் துண்டாகக் கேளுங்கள்.