12000 கல்லில் தீட்டியும் இழுக்கிற சவரக் கத்தி: கல் தேர்வு அனுபவங்கள்

பதிவு 1

ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்ச் சவரக் கத்தி, 5/8 அங்குல அகலம், பழைய சரக்கு. தீட்டுகிற கல் நார்ட்டன் 4000/8000, அதற்கு மேல் நானிவா 12000 (எண் ஏற ஏறத் துகள் பொடியாகும்), தோல்வாரில் 60 தடவை. கன்னத்தில் வைத்தால் இழுக்கிறது.

மனசை விட்டுப் போகாத காட்சி ஒன்று: பெவலில், அதாவது வெட்டுகிற வாயை ஒட்டித் தீட்டிய சரிவில், கறுப்பு மார்க்கர் பூசி, 12000 கல்லில் அழுத்தாமல் ஒரே ஒரு தடவை ஓட்டி, 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் பெவல் முழுக்கக் கண்ணாடி. கைப்பிடிப் பக்கம் சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு மட்டும், வாயை ஒட்டி மயிரிழை அகலத்தில் கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது. மூன்று கல்லும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. 1000 கல் வாங்கினால் தீருமா? எது வாங்கலாம்?

பதிவு 2

தீரும். 4000-ல் ஆரம்பித்ததுதான் தப்பு. ஜப்பானிய அளவுமுறையில் 1000 கல்லின் துகள் சுமார் 11.5 மைக்ரான், 4000 சுமார் 3, 8000 சுமார் 1.2. மழுங்கின வாயில் இரண்டு பக்கப் பெவலும் ஒரே கோட்டில் சேரும்வரை உலோகம் போக வேண்டும். அந்த வேலை 1000 கல்லுக்கு உரியது. 3 மைக்ரான் துகள் இருக்கிற பெவலை மினுக்கிவிட்டு நின்றுவிடும்.

நானிவா சொசெரா 1000 அல்லது ஷாப்டன் 1000, இரண்டில் எது கிடைத்தாலும் சரி. இரண்டுக்கும் மேலே தண்ணீர் தெளித்தால் போதும். சொசெராவை நாள்கணக்கில் ஊறப் போட்டால் விரிசல் விடும். 1000 முடிந்ததா என்று பார்க்க, முன்கை மயிரைத் தோலை ஒட்டி மழித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் மழித்தால் போதாது. கைப்பிடிப் பக்க அடியிலிருந்து நுனிவரை சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பார்க்க வேண்டும். ஒரு இடம் தவறினாலும் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.

பதிவு 3

இத்தனை கல் எதற்கு? பெல்ஜியத்தில் வியல்சால்ம் பக்கம் எடுக்கிற மஞ்சள் இயற்கைக் கல்லான கோட்டிக்யூல் ஒன்றே முதலிலிருந்து கடைசிவரை போதும். அறுப்பது அதிலுள்ள கார்னெட் மணிகள். கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் செவ்வரியாகத் தெரிகிறதே, அதே குடும்பம்தான். இதில் கண்ணுக்குத் தெரியாத பொடியாக இருக்கும்.

சின்னக் கோட்டிக்யூல் துண்டால் கல்லின்மேல் தேய்த்தால் கெட்டி மோர் பதத்தில் குழம்பு வரும். அதில் பக்கத்துக்கு 30 அரை ஓட்டம் (கத்தியைப் புரட்டாமல் ஒரே பக்கத்தை முன்னும் பின்னும்). குழம்பு சாம்பல் நிறமாக மாறுவதைக் கவனியுங்கள், அந்த நிறம்தான் கழன்ற இரும்பு. முன்கை மயிர் போனதும் பக்கம் மாற்றி மாற்றி ஓட்டுகிற முழு ஓட்டத்துக்கு மாறி, 20 ஓட்டத்துக்கு ஒருமுறை விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தண்ணீர். மோர் நீர்மோராகி, கடைசியில் வெறும் தண்ணீரில் 50 ஓட்டம், கத்தியின் எடை மட்டும். இந்தக் கல் தருகிற மென்மையை 12000 தராது.

பதிவு 4

3-ஆம் பதிவு சொல்றதை ஒத்துக்க முடியாது. கோட்டிக்யூல் துண்டுக்குத் துண்டு குணம் மாறும். ஒண்ணு வேகமா அறுக்கும், பக்கத்துத் துண்டு அசையாது. புதுசா கத்துக்கிறவங்க கத்தி சரியில்லையா, கை சரியில்லையா, கல்லு சரியில்லையான்னு தெரியாம நிப்பாங்க. கெட்டிக் குழம்புல இன்னொரு சிக்கல்: வாய் முன்னால போகப் போக மிதக்கிற துகள் அதுலயே மோதி மழுக்கிட்டே இருக்கும். தண்ணி கூட்டுறதுல பிசகினா அந்த மழுக்கலோடயே முடியும்.

2-ஆம் பதிவும் பாதிதான் சரி. பெவல் சேரலைங்கிறது உண்மை. ஆனா மத்த இடமெல்லாம் சேர்ந்து, அடிப் பக்கம் 2 செ.மீ. மட்டும் ஏன் சேரலை? சார், மார்க்கரை வாயில மட்டும் பூசாம, அடியில கத்தி தடிமனாகிற தோள் இருக்கே, அங்கேயும் பூசி ஒரு தடவை ஓட்டுங்க. தோள்ல மை அழிஞ்சா, தோள் கல்லு மேல ஏறி வாயைத் தூக்குதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா 1000 போட்டாலும் 400 போட்டாலும் அந்தக் கோடு நிக்கும். தோள் கல்லோட விளிம்புக்கு வெளியே இருக்கணும். கத்தியைக் கொஞ்சம் சாய்ச்சு, அடி முன்னால போற மாதிரி பிடிச்சு, அடியில ஆரம்பிச்சு நுனியில முடியிற எக்ஸ் ஓட்டம் ஓட்டுங்க.

பதிவு 5

கல் எதுவானாலும் முதலில் சமதளமா என்று பாருங்கள், இதைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீர்க்கல் நடுவில் சீக்கிரம் தேயும். குழிந்த கல்லில் கத்தியின் இரண்டு கோடி தொடும், நடு அந்தரத்தில் நிற்கும். பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போட்டு, 325 எண் வைரத்தூள் தட்டில் குழாய்த் தண்ணீருக்கு அடியில் தேயுங்கள். கடைசிப் பென்சில் கோடு பெரும்பாலும் நடுவில்தான் மிஞ்சும்; அதுவும் போக வேண்டும். பிறகு கல்லின் நான்கு விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ் ஓட்டத்தில் அந்த விளிம்பே வாயைக் கொத்தும்.

கல்லில் படுகிற முதுகு தேயாமல் இருக்க அதில் இன்சுலேஷன் டேப் ஒட்டுவதாக இருந்தால் 1000 முதல் கடைசிக் கல்வரை ஒட்டியே வைக்க வேண்டும். 15 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. முதுகு உள்ள கத்தியின் கோணம் சுமார் 17 டிகிரி. 0.15 மி.மீ. டேப் ஒரு சுற்று ஒட்டினால் ஒரு டிகிரிக்கு மேல் கூடும். டேப்போடு பெவல் போட்டுவிட்டு, டேப்பை உரித்து 12000-ல் தீட்டினால் கல் பெவலின் பின்பாதியைத்தான் தொடும், வாயைத் தொடாது. டேப் தேய்ந்து பளபளத்தால் புதிது மாற்றுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரட்டைக் கார்போரண்டம் கல்லைச் சவரக் கத்திக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அதன் கீறலை எடுக்க 1000-ல் மணிக்கணக்காகும்.

பதிவு 6 (முதல் பதிவிட்டவர்)

தோளில் மை அழிந்தது. இரண்டு பக்கமும். 4-ஆம் பதிவுக்கு நன்றி.

தோளை வெளியே விட்டு, அடி முன்னால் போக எக்ஸ் ஓட்டம். ஷாப்டன் 1000-ல் 40 தடவையில் கறுப்புக் கோடு மறைந்தது. பிறகு 4000, 8000, 12000-ல் 15 லேசான ஓட்டம். கன்னத்தில் இழுப்பு இல்லை. நுனியில் ஒரு அரிசி நீளத்துக்கு மட்டும் முன்கை மயிர் இன்னும் சாய்கிறது, அறுபடவில்லை. ஓட்டம் முடியும்போது மணிக்கட்டு தூக்கிக்கொள்வதால் இருக்கலாம், அங்கே மை பூசிப் பார்க்க வேண்டும்.