புதுப்பிப்பு: தீவனத்தில் தாவரச் சாறுகள்

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடைசெய்தபின், அந்த இடத்தைத் தாவரச் சாறுகள் நிரப்புமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓமத்திலுள்ள தைமால், ஆரிகனோ என்னும் மூலிகையிலுள்ள கார்வக்ரால் ஆகிய நறுமண எண்ணெய்ப் பொருள்கள் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கின்றன என்பதில் ஐயமில்லை; கோழி, பன்றி போன்ற அசைபோடாத விலங்குகளில், பாக்டீரியா மிகுந்த குடலின் பிற்பகுதியை அவை எட்டுவதில்தான் சிக்கல். எளிதில் ஆவியாகும் இவ்வெண்ணெய்கள் குருணைத் தீவனம் தயாரிக்கும் வெப்பத்தில் ஓரளவு இழக்கப்படுவதோடு, எஞ்சியதில் பெரும்பகுதி குடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்படுவதால், கொழுப்பு உறையிட்டுத் தரும் முறையே எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. அசைபோடும் கால்நடைகளின் கதை வேறு: தாவரங்களின் துவர்ப்புப் பொருளான டானின், அளவாக இருந்தால், முதல் இரைப்பையில் புரதம் வீணாகச் சிதையாமல் காக்கும், மிகுந்தாலோ, துவர்ப்பால் மாடு தீவனத்தையே குறைத்துக்கொள்ளும். ஒரே செடியின் சாறும் மண்ணுக்கும் அறுவடைப் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதால், செயல்படும் வேதிப்பொருளின் அளவைக் குறிப்பிடாத கலவையை நான் ஒதுக்கிவிடுவேன்.