கிராஃபிக்ஸ் கார்ட்: பழைய 3060ஆ, புது 4060ஆ? திருகோணமலைக்கு எது சரிவரும்?

ஓர்ஸ்ஹில் பொடியன்:
வணக்கம் அண்ணைமார். என்னட்ட ஐ5 10400எஃப், 16 ஜிபி ராம், 1080பி 75 ஹேர்ட்ஸ் மொனிட்டர் இருக்கு. இப்ப கிடக்கிற கிராஃபிக்ஸ் கார்ட் ஜிடிஎக்ஸ் 1650. வலோரண்ட் கேம் ஓடும், சைபர்பங்க் கேம் போட்டா மூச்சு வாங்குது. கையில ஒரு லட்சம், கொஞ்சம் கூட்டலாம். கொழும்பில ஒராள் பாவிச்ச ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி விக்கிறார். இல்லாட்டி 3 வருஷ வொரண்டியோட புது 4060 8 ஜிபி. எதை எடுக்க?

கிண்ணியாக் காக்கா:
3060. யோசிக்கவே தேவையில்ல தம்பி. 2021இல வந்த கார்ட்டுக்கு 12 ஜிபி, 2023இல வந்ததுக்கு 8 ஜிபி. மெமரியைக் குறைச்சுப்போட்டு, சின்னப் படத்தை ஏஐயால பெருப்பிக்கிற டிஎல்எஸ்எஸ்ஸைப் பூசி விக்கிறான். இன்னொண்டு, உங்கட ஐ5க்கு பிசிஐஇ 3.0 மட்டும்தான், அதான் கார்ட்டுக்குத் தரவு போற பாதை. 4060 பாவிக்கிறது எட்டு லேன், 3060 பதினாறு. மெமரி நிரம்பி ராமுக்கு ஓடத் தொடங்கினா 4060க்குப் பாதை பாதி அகலம். அப்ப பாருங்க கேம் விக்கி விக்கி ஓடுறதை.

உப்புவெளிக்காரன்:
டெக்ஸ்சரை (பொருளின்ட மேற்பரப்புப் படத்தின்ட தரத்தை) அல்ட்ராவில வச்சாத்தானே காக்கா நிரம்பும். ஹையில வச்சா 1080பிக்கு 8 ஜிபி கனக்க கேமுக்குக் காணும். நிரம்பாத இடத்தில 4060தான் 15, 20 வீதம் முன்னுக்கு நிக்குது. அதுவும் 115 வாட்ஸில. 3060 குடிக்கிறது 170.

அதை விடுங்க. போன வருஷம் நானும் பாவிச்ச கார்ட் ஒண்டு எடுத்தன். படத்தில பளபளப்பு. வீட்ட கொண்டுவந்து ஃபானைக் கழட்டினா, ஹீட்சிங்க் தகட்டுக்குள்ள மா தூவின மாதிரி வெள்ளை. எச்டிஎம்ஐ வாய் பச்சை. ஒரு ஸ்குரூவின்ட தலை கரைஞ்சு போய் டிரைவர் பிடிக்கேல்ல. விசாரிச்சா, வித்தவர்ட வீடு கடற்கரையோட, கொம்பியூட்டர் ஜன்னலுக்குக் கீழ. மூண்டு மாசத்தில படமே வரேல்ல. கொழும்புக் கார்ட் எண்டு நம்பாதீங்க தம்பி, வெள்ளவத்தையும் கடற்கரைதான்.

கிண்ணியாக் காக்கா:
கழட்டிப் பாக்காம வாங்கினது உங்கட பிழை. இவர் இரவு ரயிலில போய், கார்ட்டைச் சோதிக்கிற ஃபர்மார்க் மென்பொருளை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, சூட்டைப் பாத்து எடுக்கட்டும். புதுசுக்கு மட்டும் உப்புக் காத்து அடிக்காதா? துருவைக் கண்டா வொரண்டிக்காரன் கையை விரிப்பான். மைனிங், அதான் கிரிப்டோ காசு தோண்ட கார்ட்டை இரவு பகலா ஓட்டின பயமும் வேண்டாம், 3060ஐ மைனிங்குக்கு ஆகாதபடி பூட்டித்தான் விட்டவங்கள்.

லிங்கநகர் ஓவர்குளொக்:
காக்கா, கடைசி வரி பிழை. எதீரியம் எண்ட கிரிப்டோ காசைத் தோண்டுற வேகத்தைப் பாதியாக்கிப் பூட்டினது 2021 பெப்ரவரியில. மார்ச்சில இந்தக் கார்ட்டின்ட கொம்பனி என்விடியா தாங்களே விட்ட 470.05 ட்ரைவர் மென்பொருளில பூட்டு தவறுதலாக் கழண்டுட்டுது. பிறகு 2022 செப்டெம்பரில எதீரியம் மைனிங் நிக்கும்வரைக்கும் 3060ஐயும் வச்சு ஓட்டினவங்கள். தம்பி, 12 ஜிபிதானா எண்டும் பாருங்க; 8 ஜிபி 3060 எண்டு ஒண்டு இருக்கு, வேகம் குறைவு.

செக்கனுக்கு 75 படம் மட்டும் காட்டுற 75 ஹேர்ட்ஸ் மொனிட்டரில, இடையில படம் செய்து செருகுற 4060இன்ட ஃபிரேம் ஜெனரேஷன் வீண். நானெண்டா பாவிச்ச ஆர்எக்ஸ் 6600 கார்ட் போட்டு மிச்சத்தில மொனிட்டரை மாத்துவன். அதுசரி, பவர் சப்ளை என்ன எண்டு சொல்லவே இல்லயே?

உப்புவெளிக்காரன்:
6600இல ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிசம் மாதிரிக் காட்டுறது) போட்டா படுத்திடும். சைபர்பங்குக்குத்தானே இவர் கேக்கிறார்.

காக்கா, கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில பூட்டின அறைக்குள்ள 170 வாட்ஸ் எண்டா பக்கத்தில அடுப்பு. பாணந்துறையில குரங்கு பாய்ஞ்சு முழு நாட்டிலயும் கரண்ட் போன 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. என்ட சின்ன யுபிஎஸ் 4060ஐத் தாங்கிச்சு, சேவ் பண்ணி ஆறுதலா நிப்பாட்டினன். பக்கத்து வீட்டில அதே யுபிஎஸ், 3060. கீ எண்டு கத்திட்டு விழுந்திட்டுது.

கிண்ணியாக் காக்கா:
ஒரு குரங்குக்காக 4 ஜிபியை விடச் சொல்றீங்களா?

ஓர்ஸ்ஹில் பொடியன்:
கேஸைத் திறந்து பாத்தன். பவர் சப்ளை கேஸோட சும்மா வந்தது. பெரிய எழுத்தில 450 வாட்ஸ். அடியில பொடி எழுத்தில 12 வோல்ட் 16 அம்பியர். கார்ட்டுக்குக் குத்துற 8 பின் வயர் ஒண்டுமே இல்ல. 1650க்கு வயர் தேவைப்படாததால இவ்வளவு நாளும் கவனிக்கேல்ல.

லிங்கநகர் ஓவர்குளொக்:
சிபியூவுக்கும் கார்ட்டுக்கும் கரண்ட் போறது இந்த 12 வோல்ட்டில இருந்துதான், 12ஐ 16ஆல பெருக்குங்க. 192 வாட்ஸ். சிபியூவுக்கு 65, 3060க்கு 170. மிச்சத்தை நீங்களே கூட்டுங்க.

உப்புவெளிக்காரன்:
4060 போட்டாலும் 180, அதுவும் மயிரிழையில. என்விடியா ரெண்டுக்குமே 550 வாட்ஸ் சப்ளைதான் கேக்குது. முதல் அதை வாங்குங்க தம்பி.

கிண்ணியாக் காக்கா:
நல்ல 550 ஒண்டு வாங்கினா ஒரு லட்சத்தில மிஞ்சுற சல்லிக்குப் புதுசு வராது, பழசுதான் வரும். சுத்திச் சுத்தி 3060 தானே!

உப்புவெளிக்காரன்:
கொஞ்சம் கூட்டலாம் எண்டு முதலே சொன்னவர் காக்கா.

ஓர்ஸ்ஹில் பொடியன்:
கூட்டுறது நானில்ல, அம்மா. கேட்டிட்டு வாறன்.