ஏசி போட்டால் ‘கிர்ர்’, ஃபேன் வைத்தால் ‘படபட’: கம்ப்ரசரா?

கேட்பவர் (ரங்கூன்):
ஜப்பானில் இருந்து வந்த பழைய வேகன், வலதுபக்க ஸ்டியரிங். இரண்டு வாரமாக ஏசி பொத்தானை அமுக்கினால் ‘டக்’ என்று விழுந்து, அப்புறம் ‘கிர்ர்ர்’ என்று இரைகிறது. ஃபேனை மூன்றில் வைத்தால் இடதுபக்கம், அம்மாவின் கால்மாட்டில், சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி படபடக்கிறது. குளிர்ச்சி குறையவில்லை. காட்டிய இடத்தில் பானெட்டைக்கூடத் திறக்காமல் கம்ப்ரசர் மாற்றணும் என்றார்கள். திங்கியான் புத்தாண்டுக்கு அம்மாவை மௌல்மீன் கூட்டிப்போக வேண்டும். 300 கிலோமீட்டர், ஏப்ரல் வெயில், அவருக்கு மூச்சிரைப்பு வேறு. யாராவது சொல்லுங்கள்.

பெகு மெக்கானிக்:
தம்பி, பொறுங்க, இப்போதே காசைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு வேறு சத்தம். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை மட்டும் திருப்பி ஃபேனை ஓடவிடுங்கள். அப்போது கம்ப்ரசர் சுற்றவே சுற்றாது. அதிலேயே படபடத்தால் உள்ளே காற்றை ஊதுகிற ப்ளோயரில்தான் கோளாறு.

அடுத்து இஞ்சினை ஓடவிட்டு, ஏசியை அணைத்தே வைத்து, பானெட்டைத் திறந்து கேளுங்கள். ஏசி அணைந்திருந்தாலும் கம்ப்ரசரின் முன்சக்கரமான புல்லி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதே கிர்ர் கேட்டால் அதைச் சுற்றவிடுகிற பேரிங் மேல்தான் முதல் சந்தேகம். ஏசி போட்ட பிறகுதான் கேட்கிறது என்றால் பெல்ட் வழுக்குகிறதா, கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கணும். ‘டக்’குக்குப் பயப்பட வேண்டாம், அது கம்ப்ரசரைப் புல்லியோடு சேர்க்கிற கிளட்ச் பிடிக்கிற சத்தம். சட்டைக் கை, லுங்கி நுனி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

கேட்பவர்:
பார்த்தேன் அண்ணே. சாவியை மட்டும் திருப்பினாலே படபடக்கிறது. ஏசி போடாமலே கிர்ர் மெல்லக் கேட்கிறது, போட்டால் கூடுகிறது.

தன்லின் டாக்சிக்காரர்:
வண்டியைப் படௌக் (வேங்கை வகை) மரத்தடியில் நிறுத்துவீர்களா? கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரம் வழியாகச் சருகு இறங்கும். என் வண்டியிலும் இதே கதைதான். டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

பெகு மெக்கானிக்:
பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, புல்லியையும், பெல்ட்டைத் தாங்குகிற ஐட்லர் சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைக்கிற மாதிரி எது உரசுகிறதோ அதன் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலான வண்டிகளில் இதற்காக ஏசி கேஸை (குளிர்வாயுவை) வெளியேற்றவே வேண்டியதில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். உங்கள் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில் ஓடுகிறது என்றால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

கேட்பவர்:
டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் ஃபில்டரே இல்லை! ப்ளோயர் சக்கரத்தில் ஒரு கைப்பிடி சருகு, அதற்கு நடுவில், சுற்றிலும் வட்டமாகச் சிறகு வைத்த படௌக் காய் ஒன்று பாதி உடைந்து சொருகியிருந்தது. எடுத்துவிட்டுப் புது ஃபில்டர் போட்டேன். உரசியது கம்ப்ரசர் புல்லிதான். பேரிங் மாற்றியாயிற்று, கம்ப்ரசர் பழையதுதான். இன்று அம்மாவை உட்காரவைத்துத் தன்லின் பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன், ‘டக்’ மட்டும்தான் கேட்டது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே.