ஷிப்ட் நடுவில் சொல்லாமல் மாக் டிரில் நடத்தலாமா?

ராணிப்பேட்டை_சேஃப்டி:
வணக்கம். ஒரு ஷூ கம்பெனியில் சேஃப்டி பார்க்கிறேன். அறுநூறு பேருக்கு மேல், முக்கால்வாசி பெண்கள். ஷூ வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால்தான் இங்கே மாக் டிரில், அதாவது தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு வெளியேறும் ஒத்திகை. காலையிலேயே மைக்கில் நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள், அலாரத்துக்கு முன்பே மெஷினை ஆஃப் செய்துவிட்டு டிபன் பையோடு காத்திருக்கிறார்கள், வரிசையாகப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நிஜமாகவே சொல்யூஷன் (பசை) ரூமில் தீப்பிடித்தால் யார் எந்தப் படியில் இறங்குவார்கள் என்று இதில் ஒன்றும் தெரிவதில்லை. சொல்லாமல் அலாரம் அடிப்போம் என்றால் மேனேஜர், "டார்கெட் போகும், யாராவது படியில் விழுந்தால் நீங்கள் பொறுப்பா?" என்கிறார். நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

ஆம்பூர்_லாஸ்டிங்:
மேனேஜர் கேட்பதில் நியாயம் இருக்கிறது சார், எடுத்தவுடனே மொத்த கம்பெனிக்கும் சொல்லாமல் அடிக்காதீர்கள். இந்த வாரத்தில் ஒருநாள் என்று மட்டும் சொல்லுங்கள், முதலில் ஒரு ஹாலை மட்டும் காலி செய்து பாருங்கள். கர்ப்பிணிகள், முட்டிவலிக்காரர்கள் யார் என்று லைன் சூப்பர்வைசருக்குத் தெரியும், அவர்களோடு யார் இறங்குவது என்பதை முன்பே பேசிவிடுங்கள், படித் திருப்பத்தில் ஆள் நிறுத்துங்கள். பழகியதும் ஒரு படிக்கட்டை மறித்து "இங்கே தீ" என்று போர்டு வையுங்கள், அப்போதுதான் இன்னொரு கதவில் பூட்டு தொங்குவதும் அதை மறித்து அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதும் தெரியவரும். அப்புறம் செருப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஹால் என்றால் எல்லோரும் அங்கேயே குனிந்து தன் ஜோடியைத் தேடுவார்கள், பின்னால் வருபவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். செருப்பு ராக்கை வெளியேறும் கதவிலிருந்து தள்ளி வையுங்கள்.

லைன்_அக்கா_வாணியம்பாடி:
வெளியே வந்த பிறகு நடப்பதை யாரும் பார்ப்பதில்லை தம்பி. நம்ம ஊர் வெயிலில் திறந்தவெளியில் போர்டு நட்டுவிட்டு, வெளியே வந்தவர்கள் கூடும் இடம் (அசெம்பிளி பாயின்ட்) இதுதான் என்றால் யார் நிற்பார்கள்? எங்கள் கம்பெனியில் எல்லோரும் வேப்பமர நிழலுக்குப் போய்விடுவார்கள், அந்த மரம் டிரான்ஸ்பார்மரை ஒட்டி. சண்டை போட்டு எதிர்ப்பக்கம் ஷெட் போட வைத்தோம். தலையை மட்டும் எண்ணாதீர்கள், லைன் வாரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வருகை பதியும் பஞ்ச் லிஸ்டில் கான்ட்ராக்ட் ஆட்கள், கேன்டீன் அம்மாக்கள், லோடு இறக்க வந்த டிரைவர் இருக்க மாட்டார்கள். பாத்ரூமைத் தட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். வடக்கிலிருந்து வந்த பையன்களுக்குத் தமிழ் மைக் புரியாது, இந்தியிலும் சொல்லுங்கள். ஒரு பெயர் குறைந்தால் உள்ளே ஓடித் தேடக் கூடாது, ஃபயர் ஆட்களிடம் எந்த ஹால், எந்த மெஷின் என்று சொல்ல வேண்டும். இதையும் டிரிலில் பழக்குங்கள்.

டேனரி_கெமிக்கல்:
பக்கத்தில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருந்தால் தீயை மட்டும் நினைக்காதீர்கள். சோடியம் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒரே சாக்கடையில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் நிற்பான். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். அதனால் அசெம்பிளி பாயின்ட் இரண்டு திசையில் இருக்கட்டும், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கத்துக்கோ பக்கவாட்டிலோ மேட்டை நோக்கிப் போகச் சொல்லுங்கள். தொட்டியில் ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்குபவரும் போய்விடுகிறார், நம் மாவட்டங்களில் இது எத்தனை முறை நடந்துவிட்டது!

ராத்திரி டிரிலும் கட்டாயம் வையுங்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். டிரில் அந்தச் சுவரை நிறுத்தியிருக்காது. ஆனால் காம்பவுண்டுக்குள் ராத்திரி யார் படுக்கிறார்கள் என்ற லிஸ்ட் உங்கள் கேட்டில் இருக்கிறதா சார்?

ராணிப்பேட்டை_சேஃப்டி:
இல்லை சார். பஞ்ச் லிஸ்ட் மட்டும்தான். இன்று ராத்திரி ஷிப்டுக்குப் போய் செக்யூரிட்டியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா, அந்த ஷெட்டுக்கு மேனேஜ்மென்டை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?